படுக்கையில் வாசனை உண்டா?

போன மாதம் பவித்ராவிடமிருந்து போன் வந்தது. திருமழிசை தொழிற்பேட்டையில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மருந்து ஆய்வுக்கூடத்தில் அவள் இப்போது விஞ்ஞானி. நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் புதிதாய்ச் சேர்ந்தவள். அப்போது எலியைக் கையில் கொடுத்தால், எலியைவிட அவள்தான் அதிகம் நடுங்குவாள்.

"அண்ணா, எலி ரூமை காலி பண்றோம். அந்த இடத்துல ஃப்ரீஸர் வரப்போகுது. பழைய ஃபாரம் ஒரு கட்டு கெடச்சுது. அதுல ஒரு கேள்வி பாத்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். 'படுக்கையில் வாசனை உண்டா? உண்டு, இல்லை.' எலிக்கு எதுக்குண்ணா வாசனைப் படுக்கை? எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"அந்தப் புண்ணியவான் நான்தாம்மா," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயோ சாரிண்ணா" என்றாள். அப்புறம் அவள் குணம் போகுமா, "என்ன நடந்ததுன்னு எழுதிக் குடுங்கண்ணா" என்று பிடித்துக்கொண்டாள். திருநின்றவூர் வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு உத்தியோகம் இல்லை. எழுதுகிறேன்.

எலி அறை மூடப்படுவதில் வருத்தமா என்றும் கேட்டாள். சத்தியமாக இல்லை. தட்டுகளில் வளர்த்த மனிதக் கல்லீரல் செல்களே பாதி பதிலைச் சொல்லிவிடும் என்றால், ஒரு எலி குறைந்தாலும் எனக்கு நிம்மதிதான். எத்தனை எலிகளை இந்தக் கையால் தூக்கியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

நான் ஆவடிக்காரன். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு ஒரு வருடம் சும்மா சுற்றினேன். பிறகு பிராணிகள் அறை உதவியாளராகச் சேர்ந்து, கூண்டு கழுவி, எலி பிடிக்கக் கற்று, ஏழெட்டு இடத்தில் கடி வாங்கி, கடைசியில் அந்த அறைகளுக்கே மேற்பார்வையாளர் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். கற்றதெல்லாம் கோமதி மேடம் வந்த பிறகு.

கோமதி மேடம் கோபிசெட்டிப்பாளையத்துக்காரர். என்னைவிட நாலு வயது சின்னவர், எங்கள் பிரிவுக்குத் தலைவர். பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. மரியாதை கூடினால் நாம் உஷாராகிவிட வேண்டும். "ஏனுங்கண்ணா, இதை ஒருக்கா மறுபடி எடை போட்டுப் பாக்கலாங்களா?" என்றால், நான் போட்ட எடை தப்பு என்று அர்த்தம். நாம் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" நினைத்தேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு புது மருந்து மனிதர் வாய்க்குள் போகும் முன்னால் எலியின் உடம்பு அதை என்ன செய்கிறது, நாயின் உடம்பு என்ன செய்கிறது, மனித உடம்பு என்ன செய்யக்கூடும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மேடம் சேர்ந்த புதிதில் அவரிடம் மேதாவித்தனமாக ஒன்று கேட்டேன். "எலி எடை தெரியும், மனுஷன் எடை தெரியும். பெருக்கிட வேண்டியதுதானே மேடம்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ மனுஷன் பெரிய எலிங்களா?"

அன்றைக்கு அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. மருந்து வயிற்றுக்குள் போனதும் கல்லீரல் அதை வெட்டும், ஒட்டும், கரையும்படி மாற்றி வெளியே அனுப்பும். அந்த வேலையைச் செய்பவை நொதிகள். எல்லா உயிருக்கும் கல்லீரல் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் நொதிகள் ஒரே மாதிரி இல்லை. காய்ச்சல் மாத்திரையை மனிதக் கல்லீரல் ஒருவகைச் சர்க்கரையோடு ஒட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். பூனைக்கு அந்த ஒட்டுகிற நொதி கிட்டத்தட்ட இல்லை. நமக்குக் காய்ச்சல் போக்கும் அதே மாத்திரை அதன் ரத்தத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். நாய்க்கு இன்னொரு நொதி கிடையாது. ஊமத்தை இலை நமக்கு விஷம், சில முயல்கள் அதைத் தின்றுவிட்டு அடுத்த இலை எங்கே என்று பார்க்கும். எலி பெரும்பாலும் அவசரக்காரன், நமக்கு நாள் முழுக்க நிற்கும் மருந்தை இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். இதற்கு மேடம் சொன்ன பெயர் இன வேறுபாடு. அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதன் பின்னேதான் நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

மேடம் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. நாங்கள் அதைத் தூக்கச் சோதனை என்போம். புது எலிகள் வந்ததும் ஆறு எலிகளை எடுப்போம். ஒவ்வொன்றையும் எடை போட்டு, எடைக்கு ஏற்ற அளவு தூக்க மருந்தை வயிற்றில் ஊசியாகப் போடுவோம். எலி தள்ளாடிச் சாய்ந்ததும் மெல்ல மல்லாக்கப் படுக்கவைத்து, நிறுத்தக் கடிகாரத்தைத் தட்டுவோம். எப்போது தானாகப் புரண்டு நாலு காலில் நிற்கிறதோ அப்போது நிறுத்துவோம். மறுபடி மல்லாக்கப் போட வேண்டும், மறுபடி புரள வேண்டும். அப்போதுதான் அது நிஜமாக விழித்ததாக ஏற்பார். அந்த மருந்தைக் கரைப்பது கல்லீரல் என்பதால், எத்தனை நிமிடம் தூங்கியது என்பதிலிருந்து கல்லீரலின் வேகம் தெரியும். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரங்கள் பக்கத்து அறையில் நின்றன. மேடம் முதலில் கேட்பது மட்டும், "எலி எப்போங்கண்ணா எந்திரிச்சுது?"

என்னோடு வேலை பார்த்தவன் எட்டியப்பன், திருமழிசையிலேயே பிறந்து வளர்ந்தவன். கூண்டு, படுக்கை, தண்ணீர் எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு ஆயுத பூஜைக்கு, கிருமி நீக்கும் நீராவிக் கொப்பரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, தூபக்காலில் சாம்பிராணியைப் புகையவிட்டுக்கொண்டு எலி அறைப் பக்கம் வந்தான். வாசலில் மேடம்.

"எட்டியப்பண்ணா, வெளிய எத்தனை வேணா காட்டுங்க. உள்ள மட்டும் வேண்டாங்க."

"இன்னா மேடம், வருசத்துக்கு ஒருவாட்டி..."

"வாசனை மூக்கோட நிக்காதுங்க. உள்ள போற எல்லாத்தையும் கல்லீரல் பாக்கும். சில வாசனையைப் பாத்தா நொதியைக் கூட்டிப் பண்ணிக்கும். அப்புறம் நாம குடுக்கற மருந்தையும் சேத்து வேகமாக் கரைச்சுரும். நம்ம கணக்கெல்லாம் தப்பாப் போயிருங்க."

சொல்லிவிட்டுப் பொரியும் கடலையும் இரண்டு கை வாங்கிக்கொண்டு போனார். எட்டியப்பன் முணுமுணுத்தான். "சாமி கும்புட்டா கூட எலிக்கு ஆவாதாம்." நான் பெரிய மனுஷனாக அவனுக்கு விளக்கம் சொன்னேன். அந்த விளக்கத்தை எனக்கே சொல்லிக்கொள்ள மறந்ததுதான் மிச்சக் கதை.

பூந்தமல்லியில் காதர் பாய் என்று ஒருவர். தொழிற்சாலைகளுக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். பஸ் மாறும்போது அவர் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் பழக்கம். ஒரு நாள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பூனை ராணிக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம்.

"காச்ச மாத்திர கால் துண்டு தேன்ல கொழச்சு வெக்கச் சொல்லியிருக்கேன் தம்பி. கொயந்தைங்களுக்கே குடுக்கறதுதானே."

கையிலிருந்த டீ என் சட்டையில் கொட்டியது. "பாய்! போனப் போடுங்க பாய்! குடுக்க வேணான்னு சொல்லுங்க மொதல்ல!"

அவர் பதறிப்போய்ப் போன் போட்டார். வீட்டில் பூனையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்களாம். கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏதோ சண்டையில் வாங்கிய கடி சீழ் பிடித்திருக்கிறது, அதனால்தான் காய்ச்சல். பத்து நாளில் ராணி பழையபடி பட்டறை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு காதர் பாய் என்னை டீக்குக் காசு கொடுக்க விட்டதில்லை. "ஒரு உசுரக் காப்பாத்துன கை தம்பி இது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கடையில் எல்லாரிடமும் சொல்வார். எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை பேய் மழை. எலிகளுக்கு நாங்கள் படுக்கையாகப் போடுவது நெல் உமி. அரிசி ஆலையிலிருந்து மூட்டையாக வரும். மழையில் ஆலைக் கிடங்கு ஒழுகி, வந்த மூட்டையெல்லாம் பூசணம். பூசணம் பிடித்த உமியைப் போடவே முடியாது, எலிகள் நோயில் விழும். கையிருப்பில் இருந்த காய்ந்த உமி, எலிகள் குட்டி போட்டு வளரும், நாங்கள் குட்டி அறை என்று சொல்லும் அறைக்குத்தான் போதும். சோதனை அறைக்கு இல்லை. இன்னும் இரண்டு நாளில் ஒரு பெரிய சோதனை தொடங்க வேண்டும். எலிகள் வந்துவிட்டன, தூக்கச் சோதனையும் பழைய உமியிலேயே முடிந்து கணக்குச் சரியாக இருந்தது. மேடமோ அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போய்விட்டார்.

டீக்கடையில் புலம்பினேன். காதர் பாய் சிரித்தார். "இதுக்கா தம்பி இவ்ளோ ரோசன? நம்ம பட்டறைல பைன் மரச் சீவல் மலை மாதிரி கீது. நல்லா காஞ்சது, பூ மாதிரி இருக்கும். எத்தன மூட்ட வோணும்?" காசு என்று வாயைத் திறந்ததற்கே கோபித்துக்கொண்டார்.

வந்த சீவலைத் தூசி சலித்து, நீராவிக் கொப்பரையில் வைத்து எடுத்து, கூண்டுகளில் நிரப்பினோம். பொன் நிறத்தில் சுருள் சுருளாக இருந்தது. எலிகள் அதற்குள் குடைந்து வீடு கட்டிக்கொண்டன. எப்போதும் மூத்திர நெடி அடிக்கும் அறை, புது மேசை வாங்கிய வீடு மாதிரி மணத்தது. எட்டியப்பன் மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தான். "அண்ணாத்தே, இன்னாமா கமகமன்னு கீது! நான் இங்கயே பாய் போட்டுக்கறேன்பா." அலுவலக அறையிலிருந்துகூட ஆள் வந்து எட்டிப் பார்த்து, பிரமாதம் தணிகாசலம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

படிவத்தில் ஒரு வரி உண்டு. 'படுக்கை நீராவியில் கிருமி நீக்கப்பட்டதா? ஆம், இல்லை.' ஆம் என்று டிக் போட்டேன். பொய் இல்லை. என்ன படுக்கை என்று அந்தப் படிவம் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. சாம்பிராணி என்றால் புகை, படுக்கை என்றால் படுக்கை. இரண்டையும் ஒன்றாக நினைக்க என் மண்டைக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சோதனை வலிப்பு நோய்க்கான ஒரு புது மருந்துக்கு. பெயர் வைக்கவில்லை, நாற்பத்தேழு என்று எண்தான். நாலு வாரம் தினம் காலையில் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தோம். அதிக அளவு கொடுத்த எலிகள் மந்தமாகும் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை, பந்தயத்துக்கு விட்டால் ஓடும் போலிருந்தது. ரத்தத்தில் பார்த்தால் மருந்து அதிவேகமாகக் காலி.

மனிதருக்கான கணக்கைப் பக்கத்து ஆய்வு மேசையில் பார்த்தார்கள். மனிதக் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிக் குழம்பு, விரல் நுனி அளவு சீசாக்களில் உறைந்து வரும். உறுப்பு தானம் செய்த யாரோ ஒருவருடையது. அந்தச் சீசாவைத் திறக்கும் முன் கோமதி மேடம் எப்போதும் ஒரு நொடி நிற்பார். அப்புறம்தான் வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருந்தைச் சேர்த்து, சில நிமிடங்களுக்கு ஒரு தரம் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பார். ஊருக்குப் போகும் முன்பே அவர் அப்படிச் செய்து பார்த்தபோது, நாற்பத்தேழு கரையவே மாட்டேன் என்று நின்றது.

ஊரிலிருந்து திரும்பிய மேடம் அறிக்கையைப் படித்தார். "எலி இவ்வளவு வேகமாங்க?" என்று அதை எழுதிய இளம் விஞ்ஞானியைக் கேட்டார். அவர் "இன வேறுபாடுதான் மேடம்" என்றார். தப்பான பதில் இல்லை, பத்துக்கு எட்டு தடவை அதுதான் உண்மை. மேடமும் தலையாட்டினார். எலிக்குத் தீங்கு செய்யாத அளவை வைத்துத்தான் மனிதருக்குக் கொடுக்கும் முதல் அளவைக் கணக்கிடுவார்கள். எலிக்கு மலையளவு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதால், முதல் அளவும் பெரிதாகவே வந்தது. புதன்கிழமை மதியம் மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமாகச் செய்யும் எலிகளின் உடல்நலப் பரிசோதனை. குட்டி அறையிலிருந்து ஆறு, சோதனை அறையில் மருந்து கொடுக்காமல் உபரியாக இருந்த ஆறு. மயக்கத்துக்கு அதே தூக்க மருந்துதான். நான் ஊசி போட, எட்டியப்பன் வரிசையாகப் படுக்கவைத்தான். குட்டி அறை எலிகள் அசையவில்லை. சோதனை அறை எலிகளில் முதலாவது, ரத்தம் எடுக்கும் முன்பே புரண்டு உட்கார்ந்து மீசையைத் துடைத்தது.

"நைனா, மருந்துல தண்ணி கிண்ணி கலந்துட்டியா? இது முழிச்சிகினு நம்மளயே மொறைக்குது!"

"அதே சீசாதாண்டா. அதே கைதான்."

ஒன்றன்பின் ஒன்றாக ஆறும் எழுந்தன. கடிகாரத்தைப் பார்த்தேன், முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குட்டி அறை எலிகள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தன. ஒரே ஜாதி எலி, ஒரே வயது, ஒரே தீனி, ஒரே சீசா. இரண்டு அறைக்கும் என்ன வித்தியாசம் என்று சோதனை அறைக் கதவைத் திறந்தேன். குப்பென்று மணம் அடித்தது.

அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசனை மூக்கோட நிக்காதுங்க.

நாற்பத்தேழு வேகமாகக் கரைந்தது எலி என்பதால் மட்டும் இல்லை. நான் போட்ட படுக்கையால். மனிதர் யாரும் பைன் சீவலில் படுத்துத் தூங்கப்போவதில்லை. அவர்கள் கல்லீரல் மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்தப் பெரிய அளவை முதல் முதலாக விழுங்கப்போகிற ஆளை நினைத்தேன். முகம் தெரியாது, பேர் தெரியாது. 

எட்டியப்பனிடம் சொன்னேன். அவன் முதலில் கதவைச் சாத்தினான். "உனுக்கு இன்னா கிறுக்கா? வேலில போற ஓணான எடுத்து வேட்டில உட்டுக்காத. புது உமி வந்துடுச்சி, மாத்திடலாம். யாரு கேக்கப்போறா? அவுங்களே இன வேறுபாடுன்னு எய்திட்டாங்க. உன் ஊட்ல அடுப்பு எரியணுமா வோணாவா?"

அவன் கெட்டவன் இல்லை. என் வீட்டுக் கடன், என் வயது எல்லாம் அவனுக்குத் தெரியும். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு வேறு எங்கே எலி பிடிக்கிற வேலை கிடைக்கும்? உள்ளதைச் சொல்கிறேன், மதியச் சாப்பாடு முடியும் வரை நானும் இன வேறுபாடு, இன வேறுபாடு என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.  டிபன் பாக்ஸை மூடினேன். அந்தப் பெயர் தெரியாதவனும் இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருப்பான் என்று தோன்றியது. அதற்கு மேல் முடியவில்லை. இரண்டு அறைகளின் தூக்க நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிடி சீவலைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன்.

அவர் அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு, "பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேன் மேடம். அங்க ஆறு, இங்க ஆறு."

பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நான் கொடுத்த தாளில் இருந்த நேரங்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த முப்பத்தோரு வருடத்தில் அத்தனை நீளமான நிமிடம் எனக்கு வேறு இல்லை.

"தப்புங்கண்ணா," என்றார் கடைசியில். "பெரிய தப்புங்க. அத்தனை எலியும் வீணுங்க."

"ஆமா மேடம்."

"உக்காந்து எழுதுங்க. எப்போ மாத்தினீங்க, ஏன் மாத்தினீங்க, யாருகிட்டச் சொல்லலை, எல்லாமே."

எழுதினேன்.  கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையால் எழுதத் தொடங்கினார். 'என்ன படுக்கை என்று கேட்காத படிவத்தைத் தயாரித்தது நான். எலியின் வேகத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தும், இன வேறுபாடு என்ற பதிலை நான் சரிபார்க்கவில்லை.' அதன் கீழே தன் கையெழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி போனை எடுத்தார்.

நிர்வாக இயக்குநர் அறைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் போட்ட சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்டிருக்கும். இந்த ஆள் நாளைக்கு வாசலை மிதிக்கக்கூடாது என்றார். மேடம் அந்தத் தாளை மேசையில் தள்ளினார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது.

"இதுல என் கையெழுத்தும் இருக்குதுங்க சார். உத்தரவு எழுதறதுன்னா ரெண்டு பேருக்கும் சேத்தே எழுதிக் குடுத்துருங்க."

அவ்வளவுதான். இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மருந்தை எங்களிடம் சோதிக்கக் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. சம்பள உயர்வு அந்த வருடம் கிடையாது, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. இரண்டும் எனக்குக் குறைவான தண்டனை.

முதல் சோதனையின் எலிகள் எதற்கும் உதவாமல் செத்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. புது எலிகள், புது உமி, மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மூன்றாம் நாளே அதிக அளவு கொடுத்த எலிகளுக்குக் கால் பின்னியது. சில எலிகள் தீனிக்குக்கூட எழவில்லை. மனித நொதிக்கும் எலிக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்தது, ஆனால் நாங்கள் எழுதிய அளவுக்கு இல்லை. மனிதருக்கான முதல் அளவைப் பன்மடங்கு குறைத்தார்கள். படிவத்தில் இரண்டு வரி புதிதாக ஏறியது. 'என்ன படுக்கை?' என்ற வரி மேடம் எழுதியது. 'படுக்கையில் வாசனை உண்டா?' என்ற வரியை, "நீங்களே எழுதுங்கண்ணா" என்று என்னிடம் பேனாவைக் கொடுத்தார்.

காதர் பாயிடம் நான் எதையும் சொல்லவில்லை. உமி வந்துவிட்டது பாய் என்று மட்டும் சொன்னேன். நன்றிக்காகக் கொடுத்த மனுஷன், அவரை எதற்கு நோகடிக்க வேண்டும்?

ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஒரு காலை, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நிற்கும்போது மேடத்திடமிருந்து போன்.

"அண்ணா, நாற்பத்தேழை ஆளுங்களுக்குக் குடுத்துட்டாங்க. நேத்துக் காலைல ஒருத்தர் சாப்பிட்டாருங்க. அந்தச் சின்ன அளவுதான். சாப்பிட்டுத் தூங்கிட்டாருங்க."

வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டேன். "தூங்கினவரு?"

"எழுப்பினாலும் எந்திரிக்கலீங்க. பகல் முழுக்க, ராத்திரி முழுக்க. டாக்டருங்க பக்கத்துலயே இருந்திருக்காங்க. அவர் கல்லீரல் ரொம்ப மெதுவாட்டம் இருக்குதுங்க. சிலருக்கு அப்படித்தானுங்க." ஒரு மூச்சு இழுத்தார். சின்ன அளவுக்கே இப்படி என்றால் பழைய அளவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மேடம், எந்திரிச்சாரா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல!" பஸ் நிலையம் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"இப்பத்தானுங்க, ஆறரை மணிக்கு. தானாப் புரண்டு உக்காந்தாருங்க." அவர் குரல் உடைந்திருந்தது. "எந்திரிச்சதும் பசிக்குதுன்னு சொல்லி இட்லி கேட்டாராம்."

பக்கத்தில் நின்ற பூக்காரம்மா, இன்னா சார் ஆச்சு, ஏன் அயுவுறே என்று கேட்டார். ஒன்றும் இல்லைம்மா, தெரிந்தவர் ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்றேன். தெரிந்தவர்தானே?

அந்த மருந்து கடைக்கு வரவில்லை, அதோடு நிறுத்திவிட்டார்கள். மேடம் ஓய்வு பெற்று கோபியில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை பேசுவோம். அவர் அன்றைக்கு அந்தத் தாளில் எழுதிய மூன்று வரிக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொன்னதில்லை. சொல்ல வாய் வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

பவித்ரா, அந்தப் படிவக் கட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடு, பரவாயில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் எனக்கு எடுத்து வை. யாராவது கேட்டால், முப்பத்தோரு வருடத்தில் தணிகாசலம் என்ன செய்தான் என்று கேட்டால், முகம் தெரியாத ஒருத்தர் ஒரு நாள் காலையில் எழுந்து இட்லி கேட்டார் என்று சொல்.